பன்னிரண்டு வீட்டு மாசி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆய்வகத்திலிருந்து கேட்டார்கள். சோதனை முறைகளைப் பற்றி நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். நாங்கள் இரண்டு நாள் கால்கடுக்க நின்று செய்ததை இப்போது ஒரு மெஷின் மதியத்துக்குள் முடித்துவிடுகிறது. அதனால் அந்தக் கதையெல்லாம் வேண்டாம். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டீர்கள். மறுநாள், செய்தது தப்பு என்று தெரிகிறது. அப்போது என்ன செய்வீர்கள்? எனக்கு அது ஒரு முறை நடந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி, ஐப்பசி மழைக்காலம். எனக்கு இருபத்தொன்பது வயது. ஆய்வகம் அப்போது குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி வீட்டில் இருந்தது. கீழே அலுவலகம், மேலே சோதனைக்கூடம். நான் மேற்குத் தாம்பரத்திலிருந்து ரயிலில் வருவேன். கையெழுத்துப் போடும் உரிமை கிடைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. என் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பை மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசி என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி இறுகும்வரை வெயிலில் காய வைப்பது. மாலத்தீவில் செய்கிறார்கள். பக்கத்துத் தீவான இலங்கையில் அதை இடித்துச் சம்பலில், அதாவது அவர்கள் துவையலில், போடாத வீடு குறைவு. எத்தனையோ தலைமுறையாகப் படகில் போய்க்கொண்டிருந்த சரக்குதான். ஆனால் காலம் மாறி, சட்டதிட்டங்கள் வந்துவிட்டன. இறங்குகிற துறைமுகத்தில் சோதிப்பார்கள். தேறாவிட்டால் அழித்துவிடுவார்கள். சரக்கை வரவழைத்தவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றால், இரண்டு பக்கமும் சேராத ஒரு மூன்றாவது நாட்டு ஆய்வகத்தில் மறுசோதனை. அந்த முடிவுதான் கடைசி. அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அந்த முறை மூன்றாவது நாட்டு ஆய்வகம் நாங்கள்.

கொழும்பில் இறங்கிய பன்னிரண்டு சாக்கு மாசி. சாக்குக்கு ஒரு கட்டையாக எடுத்து, ஒரே பெட்டியில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து மீனம்பாக்கத்துக்கு விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தது. திறந்தால், ஒவ்வொரு கட்டையும் ஒரு பழுப்புக் காகிதத்தில் சுற்றியிருந்தது. காகிதத்தில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. மாலத்தீவு எழுத்து, வலமிருந்து இடமாகப் போவது. எனக்குப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. பொட்டலம் கட்டக் கிடைத்த ஏதோ பழைய தாள் என்று நினைத்தேன்.

மறுநாள் பன்னிரண்டு கட்டையிலும் பாதியை ரம்பத்தால் அறுத்தேன். அறுத்ததை எல்லாம் ஒன்றாகப் போட்டு அரைத்தேன். ஒரே சரக்கு, ஒரே சாம்பிள், ஒரே முடிவு. நேரமும் மிச்சம். மீதிப் பாதிகள் மேஜையில் அதனதன் காகிதத்தின் மேல் கிடந்தன. மேல்மாடியில் பெருக்குவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது எல்லாம் செய்த அக்காவிடம், "இதெல்லாம் எடுத்துப் போட்டுடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். மீதியை வைத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அரைத்த தூளில் ஒரு பாட்டில் எடுத்து வைத்தாயிற்று, அது போதும் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

தேடியது ஹிஸ்டமின். பிடித்த மீனைச் சீக்கிரம் அவிக்காமல் வெயிலில் போட்டு வைத்தால் அது உண்டாகிவிடும். அப்புறம் எவ்வளவு அவித்தாலும் போகாது. வாடையும் காட்டிக்கொடுக்காது. அதிகமாக இருந்தால் சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, மூச்சு வாங்கும். சின்னக் குழந்தை என்றால் இன்னும் பயம். முடிவு வந்தது. வரம்புக்கு மேலே. மறுபடி செய்தேன், அதே. புதன்கிழமை சான்றிதழ் அடித்து, ஸ்டாம்ப் வைத்து, கொழும்புக்கு டெலக்ஸ் செய்தியும் கொடுத்தாயிற்று: தேறவில்லை.

வியாழக்கிழமை மதியம், சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சின்னப் பை. காலை விமானத்தில் கொழும்பிலிருந்து வந்து, மீனம்பாக்கத்திலிருந்து நேராக ஆட்டோவில் வருகிறார். அந்தச் சரக்கை வரவழைத்த வியாபாரி.

சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நான் விறைத்துக்கொண்டேன். "ஐயா, ரிசல்ட்டை மாத்த முடியாது. ரெண்டு தடவை பண்ணிப் பாத்தாச்சு" என்றேன்.

"மாத்தச் சொல்லேல்ல பிள்ளை. பிழையெண்டா பிழைதான். ஒண்டு மட்டும் அறிஞ்சுகொண்டு போகலாமெண்டு வந்தனான்." குடையை மூலையில் சாத்தி வைத்தார். "எந்தச் சாக்கு?"

"எந்தச் சாக்குன்னா?"

"பன்னிரண்டு சாக்கு. பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நாள் அவிச்சது. கட்டையைச் சுத்தின கடுதாசியில வீட்டுக்காரியின்ர பேர் எழுதியிருக்குமே, பார்க்கேல்லையோ? எந்தப் பேர் பிழைச்சது? அந்த மனுசியிட்ட என்ன நடந்ததெண்டு நான் கேட்கவேணும்."

பன்னிரண்டையும் நான் ஒன்றாக அரைத்துவிட்டேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "விதிப்படி ஒரு லாட்டுக்கு ஒரு ரிசல்ட்தான் ஐயா. சாம்பிள் தேறலைன்னா லாட் முழுக்கத் தேறலைன்னு அர்த்தம்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமில்லை. "அப்படியோ" என்றார். "சனிக்கிழமை காலமை எரிக்கிறாங்களாம். அப்ப பன்னிரண்டு வீட்டுக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லவேணும்." வராந்தாவில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். மழை விடும்வரை இருக்கலாமா என்று கேட்டார். இருங்கள் என்றேன்.

உள்ளே போய்த் துறைமுகத்திலிருந்து வந்த கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். முதலில் படித்தபோது கண் தாண்டிப்போன வரி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே நிலைமையில் செய்தது ஒரு லாட். அதற்குக் கீழே: மாதிரிகள் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் தனி.

பேலன்ஸ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது என் மனசில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். யாருக்கும் தெரியாது. அரைத்தது அரைத்ததுதான். நான் எழுதின எண் பொய்யில்லை. அந்தத் தூளில் அவ்வளவு இருந்தது உண்மை. என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை கதவடைத்து ஐந்து மாதம். வீட்டில் இரண்டு வயதுப் பெண். ஒரு மரக்கட்டைக் கருவாட்டுக்காக நான் எதற்கு என் கையால் என்னை மாட்டிவிட வேண்டும்? அந்த மனிதர் வராந்தாவில் கத்திக்கொண்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் சத்தமில்லாமல், நனைந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கீழே இறங்கிப் போய் பெரிய சாரிடம் சொன்னேன். ஆய்வகத்தை ஆரம்பித்தவர் அவர். அவர் முன்னால் உட்கார்ந்து பேசினவர்கள் எங்களில் யாரும் கிடையாது. முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மறுபடி டெஸ்ட் பண்ண என்ன இருக்கு?" என்றார்.

"மீதியைத் தூக்கிப் போடச் சொல்லிட்டேன் சார்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"போய்ப் பாரு. குப்பைத்தொட்டியில இருந்தாலும் பாரு."

அக்கா பின்பக்கம் பைப்படியில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார். என் வயசுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். பொழிச்சலூரிலிருந்து பம்மல் வழியாக நடந்தே வருவார். நான் மூச்சு வாங்கக் கேட்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கட்டைங்களா? எங்கியும் போவல. கீது."

"எங்கக்கா?"

"மேல அலமாரில, பிஸ்கோத்து டப்பாவுல. எய்து போட்ட காயிதமா இருந்துச்சா, பேரு கீரு எதனா இருக்கப்போவுதுன்னு அது அது காயிதத்துலயே சுத்தி வெச்சேன். உன்னாண்ட கேட்டுட்டுப் போடலாம்னு பாத்தேன். நீ மிசினாண்ட குந்திகினு இருந்த. அப்பால மறந்தே பூட்டேன்."

"உங்களுக்கு அது பேருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு இன்னா தெரியும்? எனக்கு எல்லா எய்தும் ஒண்ணுதான். தமிழா இருந்தாலும் அப்டித்தான் எடுத்து வெச்சிருப்பேன்."

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து என்றதும் குப்பை என்று முடிவு கட்டினேன். எந்த எழுத்தும் படிக்கத் தெரியாத அக்கா, எழுதியிருக்கிறது என்ற ஒன்றுக்காகவே பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்பு நுரை இரண்டு பேர் கையிலும். "இன்னாம்மா ஆச்சு" என்று அவர் பயந்துவிட்டார்.

டப்பா காய்ந்து, மூடி இறுக்கமாக இருந்தது. பெரிய சார் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "செய்யலாம். ஆனா இது எங்க இருந்தது, யார் எடுத்து வெச்சாங்க, எல்லாத்தையும் ரிப்போர்ட்ல எழுதணும். பிஸ்கட் டப்பான்னே எழுது. ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அவங்க இஷ்டம்" என்றார்.

வராந்தாவுக்குப் போய் அந்தப் பெரியவரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். என் தப்புதான் என்று சொன்னேன். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "அந்தக் கடுதாசியளைக் குடுங்கோ. நான் வாசிச்சு, தமிழில எழுதித் தாறன். நம்பரும் போடுங்கோ. இனி மாறக்கூடாது" என்றார்.

அன்று மதியமே தொடங்கினோம். மற்ற இரண்டு அனலிஸ்டுகளும் தங்கள் வேலையை ஒதுக்கிவிட்டு வந்தார்கள். நான் கூப்பிடவில்லை, வந்தார்கள். வெள்ளிக்கிழமை நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. போன நேரமெல்லாம் நான் வராந்தாவுக்கு வந்து நிற்பேன். அப்போதுதான் அவர் பேசினார்.

நாற்பது வருஷமாக மாலத்தீவில் அந்த ஒரு தீவோடு அவருக்கு வியாபாரம். எழுத்து, பேச்சு எல்லாம் அங்கே போய்ப் போய்ப் பழகினது. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்புக் கடை எரிந்தபோது மூன்று மாதம் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் குடும்பத்தோடு இருந்திருக்கிறார். "அடுத்த வள்ளத்தில ஒரு மூட்டை வந்தது பிள்ளை. மாசியும், தேங்காயும், கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு சாமானும். விக்கிறதுக்கில்ல, எங்கட வீட்டுச் சாப்பாட்டுக்கு. அனுப்பினவ இவதான்." ஒரு காகிதத்தைக் காட்டினார். ஒன்பதாம் நம்பர். தமிழில் 'ஹவ்வா' என்று எழுதியிருந்தார். "புருசன் இல்லாத மனுசி. மகன்தான் கடலுக்குப் போறவன்."

மூன்று மணிக்கு முடிவுகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று தேறியது. இரண்டு தேறியது. மூன்று, நான்கு, எல்லாம் வரம்புக்கு ரொம்பக் கீழே. ஐந்தாம் நம்பர் பயங்கரம். அந்த ஒன்றே மொத்தத் தூளையும் மேலே இழுத்துவிட்டிருக்கிறது. ஆறு, ஏழு, எட்டு தேறியது. பத்திலிருந்து பன்னிரண்டு வரையும் தேறியது. ஒன்பது மட்டும் வரம்புக்கு ஒரு மயிரிழை மேலே.

எடுத்து வைத்த அதே சாற்றை மறுபடி அளந்தேன். மேலே. மூன்றாவது முறையும் மேலேதான். தசமப் புள்ளிக்குப் பிறகு உள்ளதை விட்டுவிட்டு எழுதினால் வரம்பிலேயே நிற்கும். அதற்கும் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு முறை அவர்களுக்கு அநியாயம் செய்துவிட்டேன், இந்த ஒன்றையாவது செய்யலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. பேனா கையில் இருக்கிறது. கால் தானாக வராந்தாவுக்குப் போனது.

"ஐயா, ஒன்பது..." என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "கூடவோ, கொஞ்சமோ?"

"கொஞ்சம்தான். ரொம்பக் கொஞ்சம். நான் வேணும்னா..."

"வேண்டாம் பிள்ளை." அவர் என்னைப் பேச விடவில்லை. "என்ர பேரப்பிள்ளையளும் அந்தச் சம்பலைத்தான் தின்னுதுகள். உள்ளதை எழுதுங்கோ. ஹவ்வாவிட்ட நான் போய்ச் சொல்லுறன்."

உள்ளதை எழுதினேன். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ஐந்தாம் நம்பர் அவ்வளவு மோசமாக இல்லாமல் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால், நான் ஒன்றாக அரைத்த தூள் தேறியிருக்கும். கெட்ட சாக்கும் நல்ல சாக்கோடு கடைக்குப் போயிருக்கும். அதையும் என் கையெழுத்துதான் அனுப்பியிருக்கும்.

டெலக்ஸ் வாசகத்தை எழுதிக்கொண்டு பெரிய சாரிடம் போனேன். 'தொழில்நுட்பக் காரணங்களால் முந்தைய சான்றிதழ் திரும்பப் பெறப்படுகிறது' என்று ஆரம்பித்திருந்தேன். அவர் சிவப்புப் பேனாவால் முதல் இரண்டு வார்த்தையை அடித்தார்.

"காரணம் என்ன?"

"சாம்பிளையெல்லாம் கலந்துட்டேன் சார்."

"அதை எழுது. தொழில்நுட்பக் காரணம்னு எழுதினா அங்க இருக்கறவன் இன்னும் எதை மறைக்கறாங்கன்னு தேடுவான். நீ கலந்துட்டேன்னு எழுதினா நேரா பன்னெண்டு நம்பரையும் பாப்பான். நாளைக்குக் காலையில எரிக்கப் போறான். அவனுக்குத் தேட நேரமில்லை."

எழுதினேன். 'தனித்தனியாக வந்த மாதிரிகளை நான் தவறுதலாகக் கலந்துவிட்டேன்.' கீழே என் பெயர். அவர் பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "போ, போ. அஞ்சு மணி ஆகுது" என்றார்.

எங்கள் டெலக்ஸ் லைன் மழையில் செத்துப்போயிருந்தது. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் எனக்குத் தெரிந்த பெண் டெலக்ஸ் ஆபரேட்டர். அந்தப் பெரியவரும் நானும் ரயிலில் ஒரு ஸ்டேஷன் போய், முழங்கால் தண்ணீரில் நடந்து, அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் பிடித்தோம். அவள் மறுபேச்சுப் பேசாமல் மெஷினைப் போட்டாள். டேப் ஓடி முடிந்து, அந்தப் பக்கம் கிடைத்தது என்று பதில் அடித்தபோதுதான் நான் உட்கார்ந்தேன். அந்தப் பெரியவர் என் தலையில் ஒரு தடவை கை வைத்து எடுத்தார்.

திங்கட்கிழமை செய்தி வந்தது. பத்துச் சாக்கை விட்டுவிட்டார்கள். ஐந்தும் ஒன்பதும் எரிக்கப்பட்டன.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். என் கையெழுத்து உரிமையை ஆறு மாதம் எடுத்துவிட்டார்கள். அது சரிதான். அந்தத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஒரு சாம்பிளும் வரவில்லை. மற்றவர்கள் என்னைப் பார்க்கும்போது சட்டென்று பேச்சை நிறுத்துவது தெரியும். பிறகு ஒருநாள் ஒரு பெட்டி வந்தது. உள்ளே சீட்டில், 'அந்த அனலிஸ்ட் பார்த்தால் நல்லது' என்று எழுதியிருந்தார்கள். பெரிய சார் அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து படிக்கத் தெரியாத எதையும் நான் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததில்லை, அதைப் படிக்கத் தெரிந்த ஆளைக் கண்டுபிடிக்கும்வரை. நீங்களும் அப்படிச் செய்தால் எனக்குச் சந்தோஷம்.

அந்தப் பெரியவர் அடுத்த கோடையில் மனைவியின் கண் ஆபரேஷனுக்காக மெட்ராஸ் வந்தார். முடிச்சூர் ரோட்டில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். சுற்றிலும் வயல், மத்தியானக் காற்று நன்றாக வரும். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, இத்தனை மாதம் மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஹவ்வாகிட்ட சொன்னீங்களா ஐயா?"

"வள்ளத்தில நானே போய்ச் சொன்னனான். எல்லாம் சொன்னன். நீங்க மூண்டு தரம் பாத்ததையும் சொன்னன்."

"அழுதாங்களா?"

"இல்லை. ஒண்டுதான் கேட்டவ. முந்தி அனுப்பின சாக்குகளில ஆருக்கும் வருத்தம் கிருத்தம் வந்ததோ எண்டு." வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய். "அப்படி ஒண்டும் கேள்விப்படேல்லை எண்டன். பிறகு மகனைக் கூப்பிட்டு விசாரிச்சா. அண்டைக்கு நடுக்கடல்ல எஞ்சின் நிண்டு, மீன் வெயிலுக்க கிடந்திருக்குது. அவன் சொல்லாம விட்டிட்டான்." அவர் சிரித்தார். "இப்ப அவவே வள்ளம் வாற நேரத்துக்குக் கரையில போய் நிக்கிறவ. பிந்தி வந்த மீனைத் தன்ர வீட்டு வாசலுக்கும் விடமாட்டா. மற்ற பதினொரு வீட்டுக்காரியளும் இப்ப அப்படித்தான் நிக்கினம்."

என் மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய், முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.